பலாலியும் கட்டுநாயக்காவும்: தீவகப் பயணியின் நோக்கில் ஒரு வரலாற்று ஒப்பீடு

இரு விமான நிலையங்களை ஒப்பிட முற்படுவோர் பெரும்பாலும் ஓடுபாதையின் நீளத்தையும், நாள்தோறும் வந்து செல்லும் விமானங்களின் தொகையையும், பயணிகள் மண்டபத்தின் வசதிகளையுமே அளவைகளாகக் கொள்வர். இவ்வளவைகள் பொய்யானவை அல்ல. ஆயின், அவை விமான நிலையத்தை அளக்கின்றனவேயன்றிப் பயணத்தை அளப்பதில்லை. பயணம் பயணியின் வீட்டு வாயிலிலேயே தொடங்குகின்றது. விமான நிலையம் அதன் நடுவே அமையும் ஒரு கட்டம் மட்டுமே.

ஊர்காவற்றுறைக்கு மேற்கே, அனலைதீவுக்கு வடகிழக்கே அமைந்த எழுவைதீவு இவ்வுண்மையை உணர்தற்கு மிகப் பொருத்தமான இடமாகும். ஒல்லாந்தர் தம் தாயகத்து நகரொன்றின் பெயரால் ‘ஹோர்ன்’ என அழைத்த இச்சிறு தீவுக்குப் பாலமோ தாம்போதியோ இல்லை. இங்கிருந்து புறப்படுவோர் எவராயினும், அவர் செல்லுமிடம் யாழ்ப்பாணமாயினும் இலண்டனாயினும், முதலில் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குச் செல்லும் படகில் ஏறவேண்டும். வாடைக்காற்றும் சோளகமும் வலுக்கும் நாள்களில் அம்முதற் படியே அரியதாகிவிடும். இத்தகைய பயணியை அளவுகோலாகக் கொண்டு இலங்கையின் சர்வதேச விமான நிலையங்களுள் இரண்டாகிய பலாலியையும் கட்டுநாயக்காவையும் வரலாற்று நோக்கில் ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊராத்துறை காட்டும் அளவை

ஒப்பீட்டுக்கு அளவை ஒன்று வேண்டும். அதனைத் தேடி நாம் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. எழுவைதீவின் அயலிலேயே, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில், 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்றுள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலாவின் ஆய்வினால் அறிஞருலகின் கவனத்தைப் பெற்ற இச்சாசனம், ஊராத்துறை என அன்று வழங்கிய ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டாரைப் பற்றியது. பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும் என்றும், அவர்கள் பாதுகாக்கப்படவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன எனவும், வாணிகப் பொருள் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் இரு சாராருக்கும் செம்பாதி எனவும் அது வகுத்துரைக்கின்றது.

இச்சாசனத்தை வாணிக வரலாற்றின் சான்றாகவே பலரும் கருதுவர். பயண வரலாற்றின் சான்றாகவும் இதனைக் கொள்ளலாம். நாட்டின் வாயில் ஒன்றுக்கு வேண்டிய மூன்று பண்புகள் இதிற் பெறப்படுகின்றன. முதலாவது, வாயில் இன்ன இடத்தில் உள்ளது என்பது நிலையாக அறியப்பட்டிருத்தல். இரண்டாவது, அங்கு வருவோருக்குப் பாதுகாப்பிருத்தல். மூன்றாவது, இழப்பு நேருமிடத்து அரசு முழுவதையும் எடுத்துக்கொள்ளாது உடையவனின் உரிமையை ஏற்றல். போர்த்துக்கேயர் காலத்தில் யானை ஏற்றுமதியின் துறையாகவும், பிற்காலத்தில் நாகபட்டினத்தோடும் தென்னிந்தியக் கரையின் பிற துறைகளோடும் தொடர்புடைய பாய்க்கப்பற் துறையாகவும் ஊர்காவற்றுறை விளங்கியது. தீவக மக்களுக்கு வெளியுலகின் வாயில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வான்வழி வந்த பின்னரே அவ்வாயில் அவர்களிடமிருந்து விலகிச் சென்றது.

ஒரே போரிற் பிறந்த இரு தளங்கள்

பலாலியும் கட்டுநாயக்காவும் பயணிகளுக்காகத் தோன்றியவை அல்ல. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5 இல் கொழும்பும், 9 இல் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்குள்ளாயின. இந்துசமுத்திரத்தின் காவலுக்கு இலங்கை இன்றியமையாததாகிய அச்சூழ்நிலையில் பிரித்தானியர் தீவின் பல பகுதிகளிலும் விமானத்தளங்களை அமைத்தனர். யாழ்ப்பாண நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில், காங்கேசன்துறைக்கு அணித்தாக அமைந்த பலாலித் தளமும், நீர்கொழும்புத் தளம் என அன்று வழங்கப்பட்ட கட்டுநாயக்காத் தளமும் அவ்வாறு தோன்றியவையே. அக்காலத்தில் நாட்டின் பொதுமக்கள் விமான நிலையமாக விளங்கியது 1930களில் அமைந்த இரத்மலானையாகும். ஆகவே இவ்விரு தளங்களும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன எனலாம்.

அவ்வாறாயின் முந்திக்கொண்டது எது என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை இன்று பலருக்கு வியப்பளிக்கலாம். 1947 டிசம்பர் 10 ஆம் நாள், இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு எட்டு வாரங்களுக்கு முன், எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. ‘சீதாதேவி’ எனப் பெயரிய டக்கோட்டா விமானம் காங்கேசன்துறை என அன்று குறிக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னையை அடைந்தது. நாட்டின் விமான சேவை கடல்கடந்து சென்ற முதற் பயணத்திலேயே அதன் வாயிலாக அமைந்தது பலாலி. பின்னர் திருச்சிராப்பள்ளிக்கும் அங்கிருந்து விமானங்கள் சென்றன. அப்பொழுது கட்டுநாயக்கா பிரித்தானிய வான்படையின் தளமாகவே இருந்தது. 1957 இலேயே அது இலங்கை அரசின் கைக்கு வந்தது.

பிரிந்து சென்ற பாதைகள்

1950களின் இறுதியில் தாரை விமானங்கள் உலகப் பயணத்தின் இயல்பையே மாற்றின. அவற்றுக்கு நீண்ட, வலிய ஓடுபாதைகள் தேவைப்பட்டன. இரத்மலானை நகரத்தால் சூழப்பட்டிருந்தமையால் அங்கு விரிவுக்கு இடமிருக்கவில்லை. எனவே 1960களின் நடுப்பகுதியில் கனடாவின் உதவியுடன் கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையமாக உருவாக்கப்பட்டது. 1970 இல் அது பண்டாரநாயக்காவின் பெயரைப் பெற்றது. அதன் ஓடுபாதை இன்று 3,350 மீற்றர் நீளமுடையது. பலாலியின் ஓடுபாதையோ ஏறத்தாழ 2,300 மீற்றர் மட்டுமே. தொழில்நுட்ப மாற்றத்தினால் வாயில்களின் தலைவிதி மாறுவது உலகெங்கும் நிகழ்ந்ததே. அத்திலாந்திக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்புவதற்காகத் தங்கிச் சென்ற நியூபவுண்லாந்தின் கண்டர் நிலையம், தாரை விமானங்கள் இடைநில்லாது பறக்கத் தொடங்கியதும் தன் முதன்மையை இழந்தமை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஆயினும், பலாலியின் வீழ்ச்சிக்குத் தொழில்நுட்பத்தை மட்டும் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட பயணத்துக்குப் பெரிய தாரை விமானம் என்றுமே தேவைப்பட்டதில்லை. 1947 இல் அக்கடலைக் கடந்த டக்கோட்டாவும் சுழலி இரண்டு கொண்டதே. 2019 இல் அதே கடலைக் கடந்த ஏ.ரி.ஆர். விமானமும் சுழலி இரண்டு கொண்டதே. ஏறத்தாழ 72 ஆண்டுகளின் பின்னும் இப்பயணத்துக்கேற்ற விமானத்தின் அடிப்படை வகை பெரிதும் மாறவில்லை. பெரிய விமானங்களை ஏற்க இயலாமை காரணமாகப் பலாலி இலண்டனுக்கான வாயிலாகாமற் போனதை ஏற்கலாம். சென்னைக்கான வாயிலும் மூடுண்டதற்கு வேறு காரணங்களையே தேடவேண்டும்.

அக்காரணங்களுள் ஒன்று, அரசின் நிருவாகமும் முதலீடும் தலைநகரைச் சூழவே குவிந்தமை. இது ஐரோப்பியர் காலந்தொட்டு வந்த மரபாகும். கொழும்புத் துறைமுகத்தின் எழுச்சி பிற துறைகளின் ஒளியை மங்கச் செய்தவாறே, கட்டுநாயக்காவின் எழுச்சியும் பலாலியை உள்நாட்டு நிலையமாகச் சுருக்கிற்று. 1964 டிசம்பரிலே தனுஷ்கோடியைப் புயல் அழித்தமையால் தலைமன்னார் வழியான பழைய கப்பல்–புகையிரதத் தொடர்பு சிதைவுற்றது. மாற்று வழியின் தேவை மிகுந்த அக்காலத்திலும் பலாலி விரிவு பெறவில்லை. 1970களின் இறுதியில் எயார் சிலோன் தன் பணியை முடித்துக்கொண்டது. அதன் பின்வந்த நாட்டு விமான சேவை கட்டுநாயக்காவையே தளமாகக் கொண்டது.

மற்றைய காரணம் போர். போரினாற் பிறந்த தளம் மீண்டும் போருக்கே உரியதாயிற்று.

போர்க்காலத்தில் இரு வாயில்கள்

1980களில் பலாலி முற்றுமுழுதாகப் படைத்தளமாகியது. 1987 இல் இந்திய அமைதிப்படை அங்கு வந்திறங்கியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, வசாவிளான், மயிலிட்டி முதலிய ஊர்களின் மக்கள் தம் வீடுகளையும் செம்மண் தோட்டங்களையும் விட்டு வெளியேறினர். அந்நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. அதே காலத்தில், 1990 இலும் 1991 இலும் நிகழ்ந்த படை நடவடிக்கைகளின் விளைவாகத் தீவகமும் கடற்படையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தீவக மக்களுட் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். புகையிரதப் பாதை 1990 இல் நின்றது. குடாநாட்டிலிருந்து வெளியேற விரும்பியோர் கிளாலிக் கடலேரியை இருளிற் படகேறிக் கடந்தனர். வானத்தில் இருந்த வழி பொதுமக்களுக்கு அடைபட்டிருந்தது.

1990களின் பிற்பகுதியில் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே பொதுமக்களுக்கான சேவை மீண்டும் தொடங்கியது. எனினும், அது இயல்பான சேவை அன்று. அனுமதி பெறுதல், சோதனைக்குட்படுதல், படையினரின் பேருந்தில் தளத்தினுள் அழைத்துச் செல்லப்படுதல் என அதன் ஒவ்வொரு படியும் பிறர் கையிலிருந்தது. 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பாலான கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் அது வீழ்த்தப்பட்டதெனக் கருதப்படுகின்றது. ஊராத்துறைச் சாசனம் கூறிய இரண்டாவது பண்பாகிய பாதுகாப்பு இங்கு எவராலும் பேணப்படவில்லை.

கட்டுநாயக்காவும் இத்துன்பத்துக்கு விலக்கானதன்று. 1986 மே 3 இல் எயார் லங்கா விமானத்தில் வெடித்த குண்டு 21 உயிர்களைப் பறித்தது. 2001 ஜூலை 24 இல் நிகழ்ந்த தாக்குதலில் பயணிகள் விமானங்களும் போர் விமானங்களும் அழிந்தன. ஆனால் இரு நிலையங்களுக்குமிடையே முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. கட்டுநாயக்கா ஒவ்வொரு தாக்குதலின் பின்னும் விரைவில் திறக்கப்பட்டது. நாட்டின் பொருளாதாரம் அதனையே நம்பியிருந்தமை அதற்குக் காரணம். பலாலி பயணிகளுக்கு மூடப்பட்டபோது அதனைத் திறக்கவேண்டிய அவசரம் தலைநகருக்கு ஏற்படவில்லை.

இதன் விளைவை அனுபவித்தோர் வடபகுதி மக்கள். 1980களிலிருந்து கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, பிரித்தானியா முதலிய நாடுகளுக்குச் சென்ற தீவகத்தவருட் பலர் கொழும்பின் விடுதிகளில் நெடுநாள் காத்திருந்து கட்டுநாயக்காவினூடாகவே வெளியேறினர். கனடாவின் உதவியால் எழுந்த நிலையத்தின் வழியே கனடாவுக்குப் புலம்பெயர்ந்தோர் அவர்களுள் அடங்குவர். கட்டுநாயக்கா அவர்களுக்கு விடுதலையின் வாயிலாகவும் அச்சத்தின் வாயிலாகவும் ஒருங்கே இருந்தது. இன்று எழுவைதீவிலும் அனலைதீவிலும் புங்குடுதீவிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அப்பயணங்களின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன.

இன்றைய ஒப்பீடு

போர் 2009 இல் முடிவுற்றது. 2014 அக்டோபரில் புகையிரதம் யாழ்ப்பாணம் வந்தது. 2019 அக்டோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்திறங்கியது. நவம்பரில் ஒழுங்கான சேவை தொடங்கிற்று. ஆயின், 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க் காலத்தில் அது நின்றது. கட்டுநாயக்கா 2021 ஜனவரியிலேயே உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட, பலாலி 2022 டிசம்பர் 12 வரை காத்திருந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளிச் சேவையும் மீண்டது. கடல்வழியும் புத்துயிர் பெற்றது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 இல் பயணிகள் கப்பல் விடப்பட்டு, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது.

இனி, எழுவைதீவிலிருந்து சென்னைக்கு மருத்துவத்தின் பொருட்டுச் செல்லும் முதியவர் ஒருவரைக் கருதுவோம். கட்டுநாயக்கா வழி செல்வதாயின், படகில் ஊர்காவற்றுறைக்கும், தரைவழி யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து பேருந்திலோ புகையிரதத்திலோ 350 கிலோமீற்றருக்கு மேல் தெற்கேயும் செல்லவேண்டும். பின்னர் விமானமேறி மீண்டும் வடக்கே திரும்பவேண்டும். தமக்கு வடக்கே உள்ள ஊரை அடைதற்பொருட்டு ஓர் இரவு முழுவதும் தெற்கு நோக்கிச் செல்லும் விந்தை இது. பலாலி வழி செல்வதாயின், ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகவோ, ‘பாதை’ என வழங்கும் மிதவையிற் காரைநகரை அடைந்து பொன்னாலை வழியாகவோ செல்லலாம். அதன்பின் விமானப் பயணம் ஒன்றேகால் மணி நேரமளவிலேயே முடிந்துவிடும். நோயுற்ற உடலுக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது.

எனினும், கட்டுநாயக்காவின் சிறப்பையும் நடுநிலையோடு ஏற்றல் வேண்டும். 2018 இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பயணிகள் அதன் வழியே சென்றனர். அங்கு இரவும் பகலும் விமானங்கள் இயங்குகின்றன. ஒன்று தவறினால் மற்றொன்றுண்டு. மத்திய கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் கீழைத்தேயத்துக்கும் அங்கிருந்து நேரே செல்லலாம். 2013 இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதை கொழும்புக்கும் அதற்குமிடையே உள்ள நேரத்தைக் குறைத்துவிட்டது. பலாலியிலோ விமானங்கள் சிலவே. ஒரு சேவை தடைப்பட்டால் அன்றைய பயணம் முழுவதுமே தடைப்படக்கூடும். தீவகத்தவருக்கு அது மேலும் ஓர் இடரைத் தரும். விமானம் தாமதித்து வந்தால் ஊர்காவற்றுறையின் கடைசிப் படகு போய்விடும். பிறந்த மண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இக்கரையில் இரவைக் கழிக்கவேண்டிய நிலை ஏற்படும். கட்டுநாயக்கா தொலைவிலிருந்தும் எந்நேரமும் திறந்திருக்க, பலாலி அண்மையிலிருந்தும் சிறுபொழுதே திறந்திருக்கின்றது.

ஆகவே எது சிறந்தது என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுதல் இயலாது. உலகுக்குச் செல்வோருக்குக் கட்டுநாயக்காவும், அயலுக்குச் செல்வோருக்குப் பலாலியும் ஏற்றவை. இவை ஒன்றற்கொன்று பகையாகவேண்டியவை அல்ல. சென்னையோ திருச்சிராப்பள்ளியோ வழியாகப் பலாலியும் உலகத்தோடு இணைகின்றது என்பதையும் மறத்தலாகாது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கும் நயினை அம்மன் திருவிழாவுக்கும் வரும்போது கொழும்பைத் தொடாமலே வந்து செல்ல இன்று இயலும். தம் பெற்றோர் அஞ்சி வெளியேறிய மண்ணுக்கு அவர்கள் நேரே வந்திறங்குவது வரலாற்றிற் சிறிய மாற்றமன்று.

நிலமும் நீதியும்

இவ்வொப்பீட்டில் ஒரு பொருள் எஞ்சியுள்ளது. ஊராத்துறைச் சாசனம் கூறிய மூன்றாவது பண்பு இழப்பில் நீதி என்பதாகும். பலாலியைச் சூழ்ந்த நிலங்கள் போர் முடிந்த பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி மக்களிடம் மீண்டது. ஆயினும் 2025 இலும் வலிகாமம் வடக்கில் ஒரு பகுதி நிலம் உரியவரின் கைக்கு வரவில்லை. விமான நிலையத்தை விரிவாக்கவேண்டும் என்று வாதிடும் நாம், அவ்விரிவுக்கு யாருடைய தோட்டம் விலையாகும் என்பதையும் உடன் கேட்கவேண்டியவர்களாவோம். எழுவைதீவுப் பயணியின் வசதி பலாலி விவசாயியின் இழப்பின்மேல் எழுப்பப்படுமாயின், அது தமிழருக்குள்ளேயே ஒரு சாராரின் சுமையை மறுசாரார் மேல் ஏற்றுவதாகவே முடியும். இருக்கின்ற ஓடுபாதையின் முழுநீளத்தையும் பயணிகளுக்குப் பயன்படச் செய்தல், படைத்தளத்தின் எல்லையைச் சுருக்குதல், எடுக்கப்படும் நிலத்துக்கு உரிய ஈடு கொடுத்தல் ஆகியன விரிவுக்கு முற்படவேண்டியவை.

மரக்கலம் உடைந்தவிடத்தும் நான்கில் மூன்று பங்கு உடையவனுக்கே என விதித்த சாசனம், அந்நிய வணிகனுக்குக் காட்டிய நீதி அது. சொந்த மண்ணின் உழவனுக்கு அதனினும் குறைந்த நீதியை எட்டரை நூற்றாண்டுகளின் பின் வழங்குதல் எந்த அரசுக்கும் அழகன்று.

முடிவாக, இவ்விரு நிலையங்களின் வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை இதுவே. பலாலி பின்தங்கியமைக்கு இயற்கையோ தூரமோ பெருங்காரணங்கள் அல்ல. இலங்கையின் விமான சேவை கடல்கடந்த முதல் நாளிலேயே அது நாட்டின் வாயிலாக விளங்கியது. திறப்பதும் மூடுவதும் மனிதர் எடுத்த முடிவுகளே. மனிதர் மூடியதை மனிதரே 2019 இல் திறந்தனர். இனி அது மூடப்படாதிருத்தலும், அதன் வழியே செல்வோருக்குப் பாதுகாப்பிருத்தலும், அதற்காக நிலமிழந்தோருக்கு நீதி கிடைத்தலும் ஆகிய இம்மூன்றுமே அதன் தரத்தை அளக்கும் அளவைகளாகும். ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்கு ஓடும் படகின் நேரத்தை விமானத்தின் வருகை நேரத்தோடு இசைவித்தல் போன்ற சிறு ஒழுங்குகள் இவ்வளவைகளுக்குள் அடங்குபவையே. கடைசிப் பயணி தன் வீட்டு வாயிலை அடையும் வரை எந்த விமான நிலையத்தின் பணியும் முடிவதில்லை.